தாள் எண் நாற்பத்தொன்று

திண்டிவனம்
20.11.1998

அக்கா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு வந்து, பத்தாம் வகுப்பு ஆ பிரிவில் ஆளுக்கொரு தாள் கொடுத்து நிரப்பச் சொன்னீர்கள். அந்த வகுப்பில் நானும் ஒருத்தி. என் பெயரை எழுத மாட்டேன். என் தாளின் மூலையில் 41 என்று நம்பர் போட்டிருந்தது. அதை வைத்து என்னைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் உங்கள் முகவரி இருந்தது. அம்பிகா, எம்.எட். மாணவி, ரயில்வே குடியிருப்பு, விழுப்புரம். அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தேன். எதற்கு எழுதுகிறேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

அக்கா, ஒரு உதவி வேண்டும். என் தாளில் பதினேழாவது வாக்கியத்துக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன். அதை ‘எப்போதும்’ என்று மாற்றிவிடுங்கள். நீல மை. அழித்தால் தாள் கிழிந்துவிடும். ஆகவே புதுத் தாளில் நாற்பது வாக்கியத்துக்கும் ‘எப்போதும்’ என்று டிக் போட்டுவிட்டு, பழையதை அடுப்பில் போட்டுவிடுங்கள். 42, 43, 44 மூன்று தாளையும் அப்படியே செய்யுங்கள். அந்த மூன்று பேரும் என் பெஞ்சுதான். நான் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் தாளைக் கொடுத்துவிட்டுப் பெரிய டீச்சர் அறைக்கு டீ குடிக்கப் போனீர்கள். அப்போது எங்கள் கிளாஸ் டீச்சர் சௌந்தரம் டீச்சர் பெஞ்சு பெஞ்சாக வந்து, “எல்லாத்துக்கும் எப்போதும்னு போடுங்கடி. ரோசன பண்ணிக்கினு உக்காராதீங்க. நம்ம ஸ்கூல் பேரு கெட்றக் கூடாது” என்று சொன்னார்களாம். நாங்கள் நான்கு பேரும் அப்போது வகுப்பில் இல்லை. வேறு வேலையாக வெளியே இருந்தோம். பிந்தி வந்தோம். நீங்களும் அப்போதுதான் திரும்பி வந்தீர்கள். மிச்சமிருந்த நான்கு தாளையும் உங்கள் கையாலேயே எங்களிடம் கொடுத்தீர்கள்.

தாளின் மேலே போட்டிருந்ததை நான் படித்தேன். ‘இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை. உன் மனத்தில் உள்ளதை உள்ளபடி குறிக்கவும். பெயர் தேவையில்லை. விடைகள் இரகசியமாக வைக்கப்படும்.’ அதை நம்பி எழுதிவிட்டேன்.

இன்று டீச்சர் வகுப்பில் கேட்டார்கள். “எல்லாரும் நான் சொன்ன மாதிரிதானே போட்டீங்க? பெரிய டீச்சர் அந்தத் தாளப் பூரா பாத்துட்டுத்தான் அந்தப் பொண்ணுக்குக் கையெழுத்து போடுவாங்க.” வகுப்பே “ஆமாங்க டீச்சர்” என்றது. நாங்கள் நால்வரும் வாயைத் திறந்து மூடினோம்.

எனக்கு மார்ச்சில் அரசுத் தேர்வு. விடுதியில் எல்லோரும் தூங்கிய பிறகு, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து விளக்கில் இதை எழுதுகிறேன். வார்டன் வந்தால் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிடுவேன். பதில் எழுதுவதானால் விடுதிக்கு எழுத வேண்டாம், பிரித்துப் படிப்பார்கள். சின்னதுரை, சைக்கிள் கடை, மரக்காணம் ரோடு, திண்டிவனம் என்று போடுங்கள். அவர் என் மாமா. கவரில் என் நம்பர் மட்டும் இருந்தால் போதும். சொல்லி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை போய் வாங்கிக்கொள்வேன்.

மறக்காமல் மாற்றிவிடுங்கள் அக்கா.

41


விழுப்புரம்
28.11.1998

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் பயப்படுவதை நிறுத்து. தாளில் இருந்த எண் நான் எண்ணிப் பார்க்கப் போட்டுக்கொண்டது. உங்கள் யார் பெயரும் எனக்குத் தெரியாது, யாரிடமும் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. அது தவறு. நீ படித்த பிள்ளை, உனக்குப் புரியும் என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். எம்.எட். முடிக்க ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். தலைப்புத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். கணக்கில் மாணவர் செய்யும் பிழைகள் என்றேன், ஏற்கெனவே ஏழு பேர் செய்துவிட்டார்கள் என்றார்கள். இடைநிற்றல் என்றேன், ஊர் ஊராகச் சுற்ற உனக்கு யார் இருக்கிறார்கள் என்றார்கள். கடைசியில் என் வழிகாட்டி சக்கரபாணி சார், “பள்ளிகளில் விழுமியங்கள்னு எடும்மா. நேர்மை, சமத்துவம், தூய்மை, ஒழுக்கம். யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, எந்த ஹெச்.எம்.மும் கதவத் தொறந்து விடுவாங்க” என்றார். அப்படித்தான் உங்கள் பள்ளிக்கு வந்தேன். நேர்மையை அளக்க வந்தவள் நான். விடையை மாற்றி எழுதினால் என் வேலைக்கு என்ன பொருள்?

நீ சொன்ன பிறகுதான் தாள்கட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பது தாளிலும் நாற்பது வாக்கியத்துக்கும் ‘எப்போதும்’. கடைசி நான்கு மட்டும் வேறு. உன் தாளில் மற்ற விடைகள் யோசித்து எழுதியவையாக இருக்கின்றன. ‘பொய் சொல்வதைத் தவிர்ப்பேன்’ என்பதற்குச் ‘சில நேரங்களில்’ என்று போட்டிருக்கிறாய். சிரித்தேன், பாராட்டவும் செய்தேன்.

பதினேழாவதுதான் புரியவில்லை. ‘பள்ளியைத் தூய்மையாக வைத்திருக்கும் பணியில் மகிழ்ச்சியுடன் ஈடுபடுகிறேன்.’ இதற்குப் போய் ‘ஒருபோதும் இல்லை’ என்று நான்கு பேரும் எழுதியிருக்கிறீர்கள். தூய்மை நல்ல பண்பல்லவா? வேலை செய்ய வெட்கமா? அல்லது சோம்பலா? கோபித்துக்கொள்ளாமல் சொல். என் ஆய்வுக்கும் உதவும்.

அன்புடன்,
அம்பிகா


திண்டிவனம்
6.12.1998

அக்கா அவர்களுக்கு,

சோம்பல் இல்லை.

விடுதியில் ஐந்து மணிக்கு எழுந்து கூட்டுகிறோம், தண்ணீர் பிடிக்கிறோம், அரிசி பொறுக்குகிறோம். லீவில் ஊருக்குப் போனால் அப்பா அம்மாவோடு மரக்காணம் உப்பளத்தில் இறங்குகிறேன். எனக்கு வேலை செய்ய வெட்கம் என்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன்.

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி மணி தூய்மைப் பணி. வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பைக் கூட்டுவார்கள், கரும்பலகைக்குக் கரி பூசுவார்கள், கொடிக்கம்பத்தடியில் கோலம் போடுவார்கள். பிறகு டீச்சர் வந்து, “ஹாஸ்டல் பிள்ளைங்க” என்பார்கள். அவ்வளவுதான். நாங்கள் எழுந்து பின்பக்கம் போவோம். கக்கூஸுக்குத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தேய்க்க வேண்டும். அடிபம்பு முன்பக்கம் இருக்கிறது. ஆளுக்குப் பன்னிரண்டு வாளி. ஆறாம் வகுப்பிலிருந்து. விடுதியில் இருப்பது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் தெருப் பெயர் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. விடுதி என்று சொன்னால் போதும்.

ஒருமுறை தமிழ்மொழி கேட்டாள். அவள் என் பெஞ்சு. “டீச்சர், இந்த வாரம் நாங்க கோலம் போடட்டுங்களா?” டீச்சர் திட்டவில்லை. “உனக்குக் கோலம் வராதும்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். தமிழ்மொழியின் கோலத்தை நீங்கள் பார்க்க வேண்டும்.

நீங்கள் வந்தது வியாழக்கிழமை. ஆனால் வெளியாள் வருகிறார்கள் என்று அன்றைக்கே எங்களை அனுப்பினார்கள். “ஜல்தியா ஊத்திட்டு வாங்கடி, விழுப்புரத்துலேர்ந்து ஒரு அக்கா வருது.” டீச்சர்கள் போகும் கக்கூஸை உங்களுக்காகக் கழுவிக்கொண்டிருந்தோம். அதனால்தான் பிந்தி வந்தோம். கை ஈரத்தோடு உங்களிடம் தாளை வாங்கினேன். என் தாளின் ஓரம் சுருங்கியிருக்கும், பாருங்கள்.

தாளில் பதினேழாவதைப் படித்ததும் என் பெஞ்சுப் பாஞ்சாலி என் காதில், “நாம கழுவுன கக்கூஸு நல்லா இருந்துச்சான்னு அந்தக்காவ ஒரு கேள்வி கேக்கணும்டி” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் டிக் போட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

‘ஈடுபடுகிறேன்’ என்று மட்டும் போட்டிருந்தால் ‘எப்போதும்’ என்றுதான் எழுதியிருப்பேன். ‘மகிழ்ச்சியுடன்’ என்று போட்டிருந்தீர்கள்.

தாளை மாற்றிவிடுங்கள். உங்கள் ஆய்வுக்காக இதை நான் எழுதவில்லை. சோம்பல் என்று சொன்னதால் எழுதினேன்.

41


விழுப்புரம்
19.12.1998

அன்புள்ள தங்கைக்கு,

பன்னிரண்டு நாளாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

அன்று டீ குடித்த பிறகு நான் அந்தக் கழிவறைக்குப் போனேன். தரை ஈரமாக இருந்தது. பினாயில் வாசனை. சின்ன ஊர்ப் பள்ளியில் எவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். என் குறிப்பேட்டில் ‘பள்ளிச் சூழல்: மிகவும் தூய்மை’ என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பில் லீடராக இருந்தேன். விழுப்புரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. அப்பாவுக்கு ரயில்வே வேலை, எனக்கு இரண்டு ஜடை, வெள்ளை ரிப்பன். வெள்ளிக்கிழமை டீச்சர், “தண்ணிக்கு ரெண்டு பேர அனுப்பும்மா” என்பார். யாரை என்று சொல்லவே மாட்டார். நான் அஞ்சலையை அனுப்புவேன். ஒவ்வொரு வாரமும் அஞ்சலையும், அவள் பக்கத்தில் உட்காரும் இன்னொருத்தியும். அஞ்சலையைத்தான் அனுப்ப வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று இத்தனை வருடத்தில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. உன் கடிதத்தைப் படிக்கும்வரை அஞ்சலையின் முகத்தையே நான் நினைத்ததில்லை.

சக்கரபாணி சாரிடம் கட்டைக் காட்டினேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, “நாப்பது ஒழுங்கா இருக்கு. இந்த நாலும் கவனக் குறைவா போட்டிருக்காங்க, தள்ளிடு. முழுமையற்ற விடைகள் நீக்கப்பட்டனன்னு ஒரு வரி எழுதிட்டா போச்சு” என்றார். எது ஒழுங்கு, எது கவனக் குறைவு என்று கேட்காமல் கட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ பயந்தது சரிதான். உங்கள் தலைமை ஆசிரியை, ஆய்வுச் சான்றிதழில் கையெழுத்துப் போடுமுன் தாள்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சான்றிதழ் இல்லாமல் நான் ஆய்வேடு கொடுக்க முடியாது. ஆனால் கவலைப்படாதே. உங்கள் நான்கு தாளையும் உருவி என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். மீதி நாற்பதை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அதில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லை. நிம்மதியாகப் படி.

அன்புடன்,
அம்பிகா


திண்டிவனம்
9.1.1999

அம்பிகா அவர்களுக்கு,

ஒன்றுமே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஒன்றுமே இல்லாததுதான் எங்களைக் காட்டிக் கொடுத்தது.

பெரிய டீச்சர் கட்டைப் பிரித்து எண்ணினார்கள். எல்லாத் தாளிலும் நீங்கள் நம்பர் போட்டிருக்கிறீர்கள். நாற்பதோடு நின்றுவிட்டது. வகுப்பில் நாற்பத்து நான்கு பேர், அன்று ஒருத்தி கூட லீவு இல்லை. “கடைசியா தாள் வாங்குனது யாரு?” என்று கேட்டார்கள். வகுப்பே திரும்பி எங்களைப் பார்த்தது. மாற்றி எழுதி அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் அதைத்தான் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன்.

நால்வரையும் அறையில் நிற்க வைத்தார்கள். “ஏதோ எழுதியிருக்கீங்க. அதனாலதான் அந்தப் பொண்ணு மறைச்சி வெச்சிக்கினு இருக்குது. இன்னா எழுதுனீங்க?” பாஞ்சாலி சொன்னாள், “நாங்களும் எப்போதும்னுதாங்க போட்டோம்.” “அப்ப தாளு எங்கடி?” தமிழ்மொழி அழுதாள். லூர்துமேரி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் ‘எப்போதும்’ என்றுதான் சொன்னேன்.

நேற்று அப்பாக்களைக் கூப்பிட்டார்கள். என் அப்பா உப்பளத்திலிருந்து அப்படியே வந்தார். காலில் உப்புப் பூத்திருந்தது. நாற்காலி இருந்தது, அவர் உட்காரவில்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. “உம் பொண்ணு வெளியாள் கூட சேந்துக்கினு ஸ்கூலப் பத்தி தப்பா எழுதிக் குடுத்திருக்குது. பொங்க லீவு முடிஞ்சி இருவதாந் தேதி அந்த நாலு தாளும் என் டேபிளுக்கு வரணும். வரலன்னா டி.சி. வாங்கிக்க. பரீச்ச வேற எங்கனா எழுதட்டும்.” ஜனவரியில் டி.சி. கொடுத்தால் எந்தப் பள்ளியில் சேர்ப்பார்கள்? ஹால் டிக்கெட்டே வராது. அப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

வெளியே வந்து அப்பா என்னைத் திட்டவில்லை. “ஏம்மா, ரெண்டு மாசம். தண்ணி ஊத்திட்டு, பரீச்சய எழுதிட்டு வந்துடக் கூடாதா?” என்று மட்டும் கேட்டார். வேலையை விட்டு வந்ததால் அடுத்த பஸ்ஸுக்கே ஓடினார்.

உங்களுக்கு ஆய்வு. எங்களுக்கு அது ஒரு வருடப் படிப்பு. லூர்துமேரிக்கு அதுவும் இல்லை, இந்த வருடம் எழுதாவிட்டால் அவளை வீட்டில் நிறுத்திவிடுவார்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி எழுதாதீர்கள்.

41


விழுப்புரம்
21.1.1999

தங்கைக்கு,

எழுதாதே என்றாய். இதை மட்டும் படித்துவிடு. உனக்குத் தெரியாமல் இருந்தால், நாளை யாராவது கேட்கும்போது மாற்றிச் சொல்லிவிடுவாய்.

நேற்று உங்கள் பள்ளிக்கு வந்தேன். நீங்கள் வகுப்பில் இருந்தீர்கள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நான்கு தாளையும் உங்கள் தலைமை ஆசிரியை மேசையில் வைத்தேன். 41, 42, 43, 44. நாற்பது வாக்கியத்துக்கும் ‘எப்போதும்’. முந்தின நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டவை. நீல மை. ஒன்றில் டிக்கைச் சாய்த்து, ஒன்றில் குட்டையாக, ஒன்றில் அழுத்தி. நீ முதல் கடிதத்தில் கேட்டதை இரண்டு மாதம் தாமதமாகச் செய்தேன்.

“இதான் அந்தத் தாள்னா அப்பவே ஏன் அனுப்பல?” என்றார்.

“நாப்பத்து நாலும் ஒரே மாதிரி இருந்தா எங்க சார் ஏத்துக்க மாட்டார்னு பயந்துட்டேங்க. இந்த நாலையும் எடுத்து ஒளிச்சி வெச்சிட்டு, அதுக்குப் பதிலா நானே தப்புத் தப்பா நாலு தாள் போட்டு சார் கிட்ட காட்டினேன். பிள்ளைங்க மேல தப்பே இல்லைங்க.”

அவர் நான்கையும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தார். பதினேழாவதில் விரல் நின்றதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. உங்கள் சௌந்தரம் டீச்சரும் அங்கே நின்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. தலைமை ஆசிரியை சிரித்தார். “ஒழுக்கத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ண வந்த பொண்ணு! நீயெல்லாம் நாளைக்கி டீச்சர் ட்ரெயினிங் ஸ்கூலுக்கே டீச்சரா வருவ.” சான்றிதழைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என் கல்லூரிக்கு எழுதப் போவதாகச் சொன்னார். எழுதட்டும்.

உங்கள் நால்வர் மீதும் இனி ஒன்றும் இல்லை. அவர் வாயாலேயே சொன்னார். யாராவது கேட்டால் பாஞ்சாலி சொன்னதையே சொல்லுங்கள். உண்மைத் தாள்கள் நான்கையும் எரித்துவிட்டேன். யார் வந்து என் பெட்டியைத் திறந்தாலும் இருக்கக் கூடாது என்றுதான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. தேர்வை எழுது.

அம்பிகா


திண்டிவனம்
14.2.1999

அக்கா அவர்களுக்கு,

ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுத்துவிட்டார்கள். நான்கு பேருக்கும். லூர்துமேரி போட்டோவில் கண்ணை மூடிவிட்டாள், மறுபடி எடுத்தார்கள். நீங்கள் செய்தது எங்களுக்காக. அது எனக்குத் தெரியும். ஆகவே நன்றி சொல்கிறேன்.

ஆனால் வேறொன்றும் நடந்தது. அதைச் சொல்ல உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

நீங்கள் வந்துபோன மறுநாள் காலை இறைவணக்கத்தில் பெரிய டீச்சர் பேசினார்கள். வெளியிலிருந்து ஒரு பெண் வந்து நம் பள்ளி மாணவிகளைக் கெட்டவர்களாகக் காட்டப் பொய்யாகத் தாள் தயாரித்தாள், கையும் களவுமாகப் பிடித்தோம், நம் பிள்ளைகள் அனைவரும் நற்பண்பு உள்ளவர்கள் என்று அவளே ஒப்புக்கொண்டாள் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நாங்கள் நான்கு பேரும் கை தட்டினோம். தட்டாமல் இருந்தால் பார்ப்பார்கள்.

தட்டும்போதுதான் தோன்றியது. நான் ஆறாம் வகுப்பிலிருந்து இந்தப் பள்ளியில் எத்தனையோ எழுதியிருக்கிறேன். கட்டுரை, பரீட்சை, குடியரசு தினப் பேச்சுப் போட்டி. எல்லாம் யாரோ சொல்லித் தந்தது. நானாக எழுதியது அந்த ஒரு டிக். நீங்கள் அதைப் பொய் என்று சொல்லிவிட்டீர்கள். இப்போது பள்ளியில் இருக்கும் தாள்கட்டில், 41-ஆம் தாளில் நான் மகிழ்ச்சியுடன் ஈடுபடுகிறேன். எப்போதும்.

மாற்றச் சொல்லிக் கேட்டவளே நான்தான். அடுப்பில் போடச் சொன்னதும் நான்தான். அதனால் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. அப்படியிருந்தும் நீங்கள் எரித்துவிட்டேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு அழுகை வந்தது. மாமா கடையில் பஞ்சர் பார்க்கும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். மாமா, “இன்னாடி பேஜாரு, எவன் செத்தான்?” என்றார். ஒன்றும் இல்லை என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் “ஹாஸ்டல் பிள்ளைங்க” என்றார்கள். எழுந்து போனோம்.

41


விழுப்புரம்
2.3.1999

தங்கைக்கு,

நீ சொன்னது முழுக்கச் சரி.

சக்கரபாணி சாரிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன், பள்ளியின் புகார்க் கடிதம் வந்த அன்றே. உன் பெயர் எனக்கே தெரியாது, மற்ற மூவர் பெயரை நான் சொல்லவில்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, “உண்மைய எழுதினா அந்தப் பொண்ணுங்க மாட்டும். பொய்ய எழுதினா நீ மாட்டுவ. இந்த வருஷம் விட்டுடு. அடுத்த வருஷம் வேற பள்ளிகளுக்குப் போ” என்றார். தலைப்பும் மாற்ற வேண்டும் என்றேன். விழுமியங்கள் என்பதை விட மாட்டேன், ஆனால் பிள்ளைகளிடம் போய் உனக்கு நேர்மை இருக்கிறதா, தூய்மை இருக்கிறதா என்று இனிக் கேட்க மாட்டேன். பள்ளி வெள்ளிக்கிழமை கடைசி மணியில் யாரை எங்கே அனுப்புகிறது என்று பார்ப்பேன். அஞ்சலையை அனுப்ப வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரிந்ததோ அதைத் தேடப் போகிறேன். முகையூர்ப் பக்கமும் கண்டமங்கலம் பக்கமும் எட்டுப் பள்ளிகள் பார்த்து வைத்திருக்கிறேன். “இதுக்கு எவன் கதவத் தொறப்பான்?” என்றார் சார். ஆனால் கையெழுத்துப் போட்டார்.

இத்துடன் நான்கு தாள் வைத்திருக்கிறேன். புதிதாக டைப் அடித்தது. நம்பர் இல்லை. கட்டங்களும் இல்லை. மூன்றே கேள்விகள், பதில் எழுத வெற்றிடம். மேலே ‘பெயர் தேவையில்லை’ என்று இருக்கும்.

இப்போது எழுதாதே. தேர்வு முடிந்து, முடிவு வந்து, டி.சி.யும் மதிப்பெண் பட்டியலும் உன் கைக்கு வரும்வரை மாமா கடையிலேயே இருக்கட்டும். அதற்குப் பிறகும் எழுத விருப்பமில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடு. நான் கேட்க மாட்டேன்.

கணக்கில் கடைசிப் பத்து மதிப்பெண்ணுக்கு வரைபடத்தை விட்டுவிடாதே.

அம்பிகா


மரக்காணம்
17.6.1999

அன்புள்ள அம்பிகா அக்காவுக்கு,

நான்கு பேரும் பாஸ். எனக்கு 372. வரைபடம் போட்டேன்.

நேற்று டி.சி. வாங்கினேன். அப்பாவும் வந்தார். பெரிய டீச்சர் அதில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதியிருந்தார்கள். அப்பா என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார். பஸ்ஸில் வரும்போது திடீரென்று, “அன்னிக்கி நீ இன்னாதான் எழுதுன?” என்றார். ஐந்து மாதமாக அவர் அதைக் கேட்கவே இல்லை. சொன்னேன். ஜன்னல் வழியே உப்பு மேடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். “என்னக் கேட்டிருந்தா நானும் அதத்தான் சொல்லியிருப்பேன். நம்மள எவன் கேட்டான்?” என்றார்.

மாமா கடையிலிருந்து உங்கள் தாள்களையும் எடுத்து வந்தேன். பட்டப்பகலில், வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டு, யாருக்குடி இவ்வளவு நேரம் எழுதுகிறாய் என்று கேட்கிறாள். ஆராய்ச்சி பண்ணும் ஓர் அக்காவுக்கு என்றேன்.

தமிழ்மொழியும் எழுதிக் கொடுத்தாள், பெயர் போட மாட்டேன் என்றாள். ஓரத்தில் ஒரு கோலம் மட்டும் போட்டிருக்கிறாள். பாஞ்சாலி பெயரோடு எழுதியிருக்கிறாள், கூடவே உங்களைக் கேட்க வேண்டிய அந்தக் கேள்வியையும் கேட்டிருக்கிறாள். கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். லூர்துமேரியைப் பாஸான பிறகும் படிக்க விடவில்லை. பாண்டிச்சேரியில் மில் வேலைக்குப் போகிறாள். காலை ஐந்து மணி வேனில் போய் இருட்டித்தான் வருகிறாள், பார்க்க முடியவில்லை. அவள் தாளை வெறுமையாகவே வைத்திருக்கிறேன். அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

என் தாள் இது.

கேள்வி ஒன்று. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் நீ எங்கே இருந்தாய்?
பள்ளிக்குப் பின்பக்கம், கக்கூஸில். ஐந்து வருடம்.

கேள்வி இரண்டு. உன்னை அங்கே அனுப்பியது யார்?
பெயர் சொல்லி யாரும் அனுப்பவில்லை. ‘ஹாஸ்டல் பிள்ளைங்க’ என்பார்கள். நாங்கள் எழுந்து போவோம். எங்களுக்கும் தெரிந்திருந்தது.

கேள்வி மூன்று. அந்த வேலையில் மகிழ்ச்சியுடன் ஈடுபட்டாயா?
ஒருபோதும் இல்லை.

மேலே பெயர் தேவையில்லை என்று போட்டிருந்தீர்கள். அந்த வரியின் மேல் கோடு போட்டுவிட்டேன்.

சு. வேணி
த/பெ. சுப்பராயலு, உப்பளத் தொழிலாளி
மரக்காணம்